ஐந்தாம் மாதத்தில் தாய் அறிவது

கர்ப்பகாலம் 40 வாரம் என்றால் 20ஆம் வாரம் சரிபாதி. அப்போது கருப்பையின் உச்சி தாயின் தொப்புள்வரை ஏறியிருக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் கருவி ஏதுமின்றி, விரல்களால் அழுத்திப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார். அதன் பிறகு நாடாவால் அளந்தால் எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். உள்ளே குழந்தையின் எடை 300 கிராமுக்குச் சற்று மேல். நீளம் தலையிலிருந்து பாதம்வரை சுமார் 25 சென்டிமீட்டர். மசக்கையும் வாந்தியும் பெரும்பாலானவர்களுக்கு அடங்கியிருக்கும். வயிற்றுப் பாரம் மூச்சை முட்டும் நிலை இன்னும் வரவில்லை. மருத்துவர்களும் வீட்டுப் பெரியவர்களும் இதை நிம்மதியான காலம் என்பார்கள்.

அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சொல்லால் விளையும் தீங்கும் உண்டு. வாந்தி நின்றதும் தண்ணீர்க் குடம், நூறு நாள் வேலை, பின்னலாடைத் தொழிற்சாலையில் நின்றபடி பார்க்கும் வேலை என்று எல்லாமே அவள் தோளுக்குத் திரும்பி வருகின்றன. சட்டமும் அவளை இந்த நேரத்தில் நினைப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். ஐந்தாம் மாதம் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. கரு தங்குமா என்ற கவலை முதல் மூன்று மாதத்தோடு முடிகிறது. பிரசவக் கவலை எட்டாம் மாதத்தில் தொடங்குகிறது. இடையில் உள்ளதைக் காத்திருப்பு என்று விட்டுவிடுகிறோம். தாயும் சேயும் நலமாக இருக்கத் தேவையான பல காரியங்கள் இந்தச் சில வாரங்களுக்குள்தான் நடந்தாக வேண்டும். அவற்றில் பலவும் தாய் சொல்வதைக் கேட்டால்தான் சரியாக நடக்கும். நாம் அதைப் போதுமான அளவு கேட்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

அவள் அறிவதில் முதன்மையானது குழந்தையின் அசைவு. கரு ஏழெட்டு வாரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது. ஸ்கேனில் அதைக் காணலாம். ஆனால் தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளுக்கு அது தெரிவது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள். இரண்டாம் முறை சுமப்பவளுக்கு 16ஆம் வாரத்திலேயே தெரிந்துவிடலாம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் இன்னும் தாமதமாகும். முதலில் பலரும் அதை நம்புவதில்லை. வாயு என்று நினைப்பார்கள். குடல் புரள்கிறது என்பார்கள். அது பிள்ளைதான் என்று ஒருநாள் உறுதியானதும், அதற்கு முந்திய நாட்களில் வந்ததும் அதுவே என்று புரிகிறது. இரண்டாம் பிரசவக்காரிக்கு முன்னதாகத் தெரிவதற்கு மருத்துவம் சொல்லும் முக்கியக் காரணமும் இதுதான்: அவளுக்கு அந்த உணர்வு ஏற்கெனவே பழக்கம். இது பயிற்சியால் வரும் அறிவு.

கருவிகள் வருவதற்கு முன்பு, உள்ளே உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று உலகத்தில் இருக்கவில்லை. சட்டங்கள்கூட இதன்மேல் எழுந்தன. இங்கிலாந்தில் 1803இல் எலன்பரோ பிரபு கொண்டுவந்த சட்டம், அசைவு தெரிந்த பிறகு கருவைக் கலைப்பதற்கு மரண தண்டனை விதித்தது. அதற்கு முன் கலைத்தால் தண்டனை குறைவு. தூக்குத் தண்டனை பெற்ற பெண் தான் கர்ப்பிணி என்று முறையிட்டால், பெண்கள் அடங்கிய ஒரு குழு அவளைச் சோதிக்கும். குழந்தை அசைகிறது என்று அக்குழு சொன்னால் தண்டனை தள்ளிப்போகும். அவளுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்றைப் பிறர் உறுதி செய்தால்தான் அவள் உயிர் பிழைப்பாள். இங்கிலாந்து 1837இல் இந்த வேறுபாட்டைக் கைவிட்டது. ஆனால் 1860இல் நமக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் அதை வைத்துவிட்டது. அசைவு தெரியுமுன் கலைத்தால் 3 ஆண்டு வரை, பின் என்றால் 7 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அதே வேறுபாடு தொடர்கிறது.

நம் இலக்கியமும் கருவறை மாதங்களை எண்ணியிருக்கிறது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் ஒன்றாம் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம் வரை கரு எந்தெந்த ஆபத்துகளில் தப்பியது என்று வரிசையாகச் சொல்கிறார். ஐந்தாம் மாதமும் அதில் வருகிறது. நுட்பமான பகுதி அது. ஆனால் பேசுவது பிழைத்து வந்த உயிர். பட்டினத்தார் தாய்க்காகப் பாடிய இரங்கலில் சுமந்த மாதங்கள் உருக்கமாக வருகின்றன. அங்கேயும் பேசுபவர் மகன். சுமக்கும்போது என்ன தெரிந்தது என்பதைச் சுமந்தவளே சொல்லும் குரல் ஏட்டில் ஏறுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அது இருந்தது தாலாட்டிலும், கிணற்றடிப் பேச்சிலும், மருத்துவச்சியின் நினைவிலும்தான்.

பிறகு கருவி வந்தது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, உலோகத்தில் விரிசல் தேடப் பயன்படும் ஒலியலைக் கருவியை மனித உடலுக்குத் திருப்ப முடியுமா என்று 1955இல் சோதிக்கத் தொடங்கினார். பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விக்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கருவின் படம் உலகத்துக்குக் கிடைத்தது அப்படித்தான். 1972இல் ஸ்டூவர்ட் கேம்ப்பெல், மண்டையோடு உருவாகாத ஒரு கருவை 17ஆம் வாரத்திலேயே ஸ்கேனில் கண்டறிந்ததை அதே இதழில் பதிவு செய்தார். நம் ஊரில் இன்று 'அஞ்சாம் மாச ஸ்கேன்' என்று எல்லோரும் சொல்லும் பரிசோதனைக்கு வேர் அங்கே இருக்கிறது.

18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அந்த ஸ்கேனில் மூளையின் அறைகள், உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், இரைப்பை, சிறுநீரகம், கைகால்கள், நஞ்சுக்கொடி இருக்கும் இடம், பனிக்குட நீரின் அளவு, கருப்பை வாயின் நீளம் எல்லாம் பார்க்கப்படுகின்றன. கர்ப்பகாலத்தின் மிக முக்கியமான பரிசோதனைகளில் ஒன்று இது. ஆனால் அதே அறையில் படுத்திருக்கும் தாய்க்கு அங்கே என்ன கிடைக்கிறது? பல இடங்களில் திரை அவள் பக்கம் திரும்பியிருப்பதில்லை. பார்ப்பவர் சொல்வதை எழுதுபவர் எழுதிக்கொள்வார். வெளியே வரும்போது கையில் ஓர் உறை. "எல்லாம் நார்மல்" என்ற ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

திரையை மறைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வேதனையான வரலாறு இருப்பதை மறந்துவிடக் கூடாது. பெண் சிசுக்கொலைக்காக உசிலம்பட்டியும் சேலமும் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில். ஸ்கேன் பரவிய பிறகு அந்தக் கொலை பிறப்புக்கு முன்பே நடக்கத் தொடங்கியதால்தான் 1994இல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவை, இன்றும் தேவை. ஆனால் அது தடுப்பது கருவின் பாலினத்தைச் சொல்வதை. இதயம் எப்படித் துடிக்கிறது, முதுகெலும்பு எப்படி இருக்கிறது, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதைத் தாய்க்கு விளக்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து மௌனம் காப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்தையே தவறாகப் புரிந்துகொள்வதாகும். தன் உடம்புக்குள் பார்த்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அவளுக்கு உண்டு.

நஞ்சுக்கொடி தாழ்வாக இருக்கிறது என்று ஒரு வரி அறிக்கையில் வந்தால் வீடே கலங்கிப்போகிறது. 20ஆம் வாரத்தில் அப்படி இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை, கருப்பை விரிய விரிய, பிரசவத்துக்கு முன்பே கருப்பை வாயிலிருந்து மேலே விலகிவிடும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்காததால் மூன்று மாதம் பயத்தில் கழிகிறது.

குறை ஒன்று தெரிந்தால் நிலைமை இன்னும் கடினம். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தை எல்லையாக வைத்திருந்தது. ஸ்கேன் எடுப்பதே அந்த எல்லையை ஒட்டித்தான் என்பதால், முடிவெடுக்க அவகாசமே இருக்காது. கருவின் இதயக் குறை தெரிந்து, 24 வாரத்தையும் கடந்த நிலையில் மும்பைத் தம்பதி ஒன்று 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியது, அனுமதி மறுக்கப்பட்டது. அந்த வழக்கு எழுப்பிய விவாதம் சட்டமாக 13 ஆண்டு பிடித்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட நிலையில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்தால் வார எல்லை இல்லை. இந்த விவரம் தெரியாமலே பல குடும்பங்கள் ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடுகின்றன. தள்ளக் கூடாது.

குறை தெரிந்த தாய் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்பதுதான். கிரகணத்தன்று வெளியே வந்ததால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிட்டது என்று அவளைச் சுற்றி இருப்பவர்களும் சொல்வார்கள். இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. மேலுதடு மூன்றாம் மாதத்துக்குள் கூடி முடிந்துவிடுகிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது; பல பெண்களுக்குத் தாம் முழுகாமல் இருப்பதே அப்போது தெரிந்திருக்காது. ஐந்தாம் மாதத்தில் கண்ணில் படும் இத்தகைய குறை, முதல் சில வாரங்களில் நிகழ்ந்தது. ஐந்தாம் மாதத்துக் கிரகணமோ, பப்பாளித் துண்டோ, படியேறியதோ அதை உண்டாக்கியிருக்க முடியாது. இதனால்தான் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். அத்தகைய குறையோடு ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு அதைக் கொடுத்தபோது, அடுத்த பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்ததை 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது.

ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகைச் சோகையை ஆராய 1928இல் பம்பாய் வந்தார். ஆலைகளில் வேலை செய்யும் ஏழைப் பெண்களிடம் அது மிகுந்திருந்தது. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வில்ஸ் பார்த்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில், இன்றும் வயதானவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் வேலை செய்தார். ஈஸ்டிலிருந்து தயாரிக்கும் மலிவான மார்மைட் களிம்பு அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று கண்டார். அதில் உள்ள பொருள் எது என்று அப்போது தெரியவில்லை. கீரையிலிருந்து அதைப் பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டது 1941இல். உலகெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் அந்தச் சிறு மாத்திரை, இந்தியத் தொழிலாளிப் பெண்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர் அக்கறையோடு பார்த்ததிலிருந்து பிறந்தது. லூசி வில்ஸின் பெயர் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சோகை இன்னும் தீரவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மருத்துவ வசதியில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எனவே நடு மாதங்களில் ஹீமோகுளோபின் எண் இயல்பாகவே சற்று இறங்கும். இதைக் கருதித்தான் உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நடு மூன்று மாதங்களுக்கு எல்லையை 10.5 கிராம் என்று வைத்தது. நம் நாட்டுத் திட்டம் கர்ப்பகாலம் முழுவதற்கும் 11 என்ற எல்லையைப் பின்பற்றுகிறது. எண் எதுவானாலும் காலம் முக்கியம். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. மாத்திரை அதை ஈடுகட்ட வாரக்கணக்கில் ஆகும். ஐந்தாம் மாதத்தில் தெரிந்தால் மாத்திரையாலேயே சரி செய்யலாம். எட்டாம் மாதத்தில் தெரிந்தால் நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும், சிலருக்கு இரத்தமே ஏற்ற வேண்டும். இரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் வரும் இரத்தப்போக்கைத் தாங்காது.

நான்காம் மாதம் முதல் 180 நாள், தினம் ஒன்று என்று இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியும் ஏன் சோகை? மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். "மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்று கேட்டால் "சாப்பிடறேங்க" என்றுதான் பதில் வரும்; திட்டு வாங்க யாருக்கும் ஆசை இல்லை. "மாத்திரை வயித்துக்கு ஒத்துக்குதா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். அப்போது சொல்வதற்கு நிறைய இருக்கிறது: மலம் கறுப்பது இயல்பு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், டீ, காபியோடு சேர்க்கக் கூடாது, கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். கேள்வியின் தொனியை மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை.

24 முதல் 28 வாரத்துக்குள் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். சென்னை மருத்துவர் வி. சேஷையா வற்புறுத்திய முறை எளிமையானது. சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறானாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும்; இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வரும் பெண்ணைப் பட்டினியாக வரச் சொல்லாத முறை இது. தாயின் நாளை நினைத்துப் பார்த்து வகுத்த பரிசோதனை என்பதால் இதை மதிக்கிறேன். அவர் பிறந்த மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் அனுசரிக்கப்படுகிறது.

இந்த மாதத்தில் உடம்பு தரும் சின்னச் சின்னச் செய்திகளை யாரும் அட்டையில் எழுதுவதில்லை. சட்டென்று எழுந்தால் அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று ஒரு வலி. கருப்பையைத் தாங்கும் இணைப்புநார் இழுபடுவதால் வருவது, ஆபத்தில்லாதது. மல்லாந்து படுத்தால் தலைசுற்றல். கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்துகிறது, ஒருக்களித்துப் படுத்தால் தீரும். நடுஇரவில் கெண்டைக்கால் இழுக்கும். தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடு விழும்; கன்னம் கறுக்கும். காரணம் தெரியாதபோது ஒவ்வொன்றும் பயம்; தெரிந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொந்தரவு. அதே சமயம் இரத்தக் கசிவு, நீர் கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல் ஆகியவற்றை 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்று தள்ளிவிடக் கூடாது. எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அதைச் செய்த அனுபவசாலிப் பெண்கள் இன்று பக்கத்தில் இல்லை. அந்த இடத்தைச் செவிலியர் நிரப்ப வேண்டுமானால் அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

சடங்குகள் ஒருகாலத்தில் இந்தக் கவனிப்பில் ஒரு பகுதியைச் செய்தன. சில சமூகங்களில் ஐந்தாம் மாதம் பூ முடிப்பார்கள். வளைகாப்பு பெரும்பாலும் ஏழிலோ ஒன்பதிலோ. வளையல் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்பது நம்பிக்கை. 1994இல் வெளியான பெல்பாஸ்ட் ஆய்வு ஒன்றில், தாழ்ந்த ஒலிக்குக் கரு முதன்முதலாக அசைந்தது 19ஆம் வாரத்தில். பெரும்பாலான கருக்கள் அந்த ஒலிக்கு 27ஆம் வாரத்தில் பதில் தந்தன. உயர்ந்த ஒலிகளுக்கு அவை அசையத் தொடங்கியது 33 வாரம் ஆன பிறகே. எனவே கணீரென்ற வளையலைவிடத் தாயின் பேச்சுக்குரல்தான் குழந்தையை முதலில் எட்டுகிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தாயின் குரலைப் பிறர் குரலிலிருந்து பிரித்து விரும்புவதை அமெரிக்க ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் பைஃபரும் 1980இல் காட்டினார்கள். வளைகாப்பின் பெருமை ஓசையில் இல்லாவிட்டாலும் வேறிடத்தில் இருக்கிறது: அன்று பெண்கள் கூடி அவளை உட்கார வைத்து, கலவைச் சாதம் ஊட்டி, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். அங்கன்வாடிகள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பையும் அதனால் வரவேற்கிறேன். ஆனால் விதவை என்பதற்காகப் பெற்ற தாயையே ஓரமாக நிற்க வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை இன்றே விட்டொழிக்க வேண்டும்.

தாய் அறிவதைக் கேட்க வேண்டும் என்பதால், அதை அவளுக்கு இன்னொரு பாரமாக ஆக்கிவிடக் கூடாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த 'அஃபர்ம்' என்ற பெரிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைக் கொண்ட அந்த ஆய்வில், அசைவு குறைந்தால் உடனே வரச் சொல்லித் தாய்மார்களை எச்சரித்து, வந்தவர்களுக்குக் கூடுதல் பரிசோதனையும் செய்தார்கள். இறந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க குறைவு ஏற்படவில்லை. அறுவைச் சிகிச்சையும் மருந்தால் வலி வரவழைப்பதும் கூடின. அசைவை எண்ணச் சொல்லிப் பயமுறுத்துவதால் மட்டும் உயிர்கள் காப்பாற்றப்படுவதில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அசைவு தெரியாமல் இருப்பதும் இயல்பு. ஒரு சீரான போக்கு அமைவது 28 வாரத்தை ஒட்டித்தான். ஆனால் 24 வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை என்றாலோ, வழக்கமான அசைவு பிறகு குறைந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர் அவளைப் பதற்றக்காரி என்று திருப்பி அனுப்பக் கூடாது.

தாய்–சேய் நல அட்டையில் எடை, இரத்த அழுத்தம், ஊசி, மாத்திரை எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. இருபதாம் வாரத்து வருகையில் செவிலியரும் மருத்துவரும் மூன்று காரியங்களைக் கூடுதலாகச் செய்தால் போதும்: அசைவு எப்போதிலிருந்து தெரிகிறது என்று கேட்டுத் தாய் சொன்னபடி எழுதுவது, ஸ்கேனில் பார்த்ததை அவள் மொழியில் சொல்வது, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பது. வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி இருந்தால், தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவளுடைய அட்டையை வாங்கி ஹீமோகுளோபின் எண் என்ன என்று இன்றே பாருங்கள். 11க்குக் கீழே இருந்தால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இந்த வாரமே அவளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.